கொரியக் கல் பகோடாக்களைத் தபால்தலைகளில் சேர்க்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொரியாவின் பழைய கல் பகோடாக்கள், அதாவது பௌத்தக் கோயில்களின் அடுக்குக் கோபுரங்கள், படமாக வந்த தபால்தலைகளைச் சேர்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டதா? உடனே தபால்தலை வாங்க ஓடாதீர்கள். முதலில் பகோடாவைப் பார்க்கப் பழகுங்கள். பட்டியல் எண்ணைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வாங்கி ஆல்பத்தில் செருகுபவர்களுக்கு இந்தத் தலைப்பு சீக்கிரம் சலித்துவிடும், ஏனென்றால் பழக்கமில்லாத கண்ணுக்கு எல்லாமே ஒன்றுதான்: சாம்பல் நிறக் கல், அடுக்குமேல் அடுக்கு. எந்தக் காலத்து வேலை, எத்தனை நிலை, உச்சியில் என்ன நிற்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் கதையே வேறு. இந்தக் கற்கள் ஆயிரம் வருடமாக அசையாமல் நின்றவை அல்ல. திருடர்கள் கை வைத்திருக்கிறார்கள், ஒன்றைக் கடல் தாண்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள், ஒன்றின்மேல் டன் கணக்கில் கான்கிரீட் கொட்டியிருக்கிறார்கள், பலவற்றைப் பிரித்து மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். தபால்தலை வெளிவந்த ஆண்டில் அந்தப் பகோடா எந்த நிலையில் இருந்தது என்று பொருத்திப் பார்ப்பதுதான் இந்தச் சேகரிப்பின் உயிர். அதை மனதில் வைத்தே கீழே சொல்லியிருப்பதெல்லாம்.

முதல் படி: நிலைகளை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

பௌத்தம் போன இடமெல்லாம் தூபியும் போனது, ஆனால் கையில் கிடைத்த பொருளுக்கேற்ப உருவம் மாறியது. சீனாவில் செங்கல் அதிகம், ஜப்பானில் மரம், கொரியாவில் எங்கு தோண்டினாலும் கருங்கல். அதனால் கொரியர்கள் முதலில் மரத்தில் கட்டிய பகோடாவைக் கல்லில் அப்படியே வடிக்க முயன்று, அப்புறம் கல்லுக்கே உரிய ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

எந்தப் பகோடாவையும் மூன்று பாகமாகப் பாருங்கள். கீழே பீடம். நடுவில் உடல், அதாவது ஒரு சதுரக் கல், அதன்மேல் ஒரு கூரைக் கல், மறுபடி சதுரக் கல், மறுபடி கூரை. உச்சியில் கலசம் போல வளையங்களும் குமிழ்களும் கோத்த முடிப் பகுதி. நிலை எண்ணும்போது கூரைக் கற்களை மட்டும் எண்ணுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பீடத்தில்தான். பழைய கொரிய அரசான சில்லாவின் காலத்துப் பகோடாக்களுக்கு இரண்டு அடுக்குப் பீடம் உண்டு, அதையும் சேர்த்து எண்ணினால் மூன்று நிலைப் பகோடா ஐந்து நிலையாகிவிடும். பொதுவாக 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படைதான் வரும். பத்து நிலைப் பகோடா பார்த்தீர்கள் என்றால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள், பெயர் பெற்றவை இரண்டுதான், இரண்டைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன்.

காலத்தைக் கண்டுபிடிக்கக் கூரையைப் பாருங்கள். மெல்லியதாக, அகலமாக, ஓரம் லேசாக மேலே தூக்கினாற்போல இருந்தால் சில்லாவைப் போன்ற இன்னொரு பழைய கொரிய அரசான பெக்ஜேயின் வழி, மர வீட்டின் கூரையை நினைத்துச் செதுக்கியது. கூரைக்கு அடியில் தலைகீழ்ப் படிக்கட்டு மாதிரி வரி வரியாக இருந்தால் சில்லா வழி. நல்ல காலத்துச் சில்லா வேலையில் அந்தப் படிகள் ஐந்து இருக்கும், பிற்காலத்தில் நான்கு, மூன்று என்று குறைந்துகொண்டே போகும். ஒல்லியாக, உயரமாக, நிலைகள் அதிகமாக, சில சமயம் எட்டுக் கோணமாக இருந்தால் சில்லாவுக்குப் பின் வந்த கொர்யோ காலம் என்று முதல் ஊகம் வைத்துக்கொள்ளலாம். இந்த அளவு தெரிந்தால் போதும், ஒரு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தால் பாதித் தபால்தலைகளை விளக்கக் குறிப்பு இல்லாமலே காலவாரியாகப் பிரித்துவிடலாம்.

இரண்டாம் படி: சில முகங்களை மனப்பாடம் செய்யுங்கள்

கொரியாவில் கல் பகோடாக்கள் ஏராளம், ஆனால் தபால்தலை, நாணயம், அஞ்சலட்டை என்று திரும்பத் திரும்ப வருபவை கொஞ்சம்தான். அவற்றை ஆளைத் தெரிந்துகொள்வது போலத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொடங்க வேண்டிய இடம் கியோங்ஜு நகரத்துப் புல்குக்சா கோயில். 8-ஆம் நூற்றாண்டில் சில்லா அமைச்சர் கிம் தேசொங் முன்னின்று கட்டிய கோயில், பணி தொடங்கிய ஆண்டாக 751-ஐச் சொல்வார்கள். 1995-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. அதன் முற்றத்தில் இரண்டு பகோடாக்கள் எதிரெதிரே நிற்கின்றன, இரண்டும் பத்து மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய உயரம், ஆனால் ஒன்றுக்கொன்று துளியும் ஒத்துப்போகாது. ஒன்று தாபோதாப். படிக்கட்டு, தூண், கைப்பிடிச் சுவர், எண்கோண மேடை, தாமரை இதழ் என்று மரத் தச்சர் வேலையைக் கல்லில் செய்து காட்டியது. இதற்கு எத்தனை நிலை என்று அறிஞர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, அதனால் நீங்களும் எண்ண வேண்டாம். தாமரை சூத்திரத்தில் சாக்கியமுனி போதிக்கும்போது பிரபூதரத்ன புத்தரின் தூபி பூமியிலிருந்து எழுந்து வரும் காட்சி உண்டு. அந்த இரண்டு புத்தர்கள்தான் இந்த இரண்டு பகோடாக்கள். தாபோதாப் 1966 முதல் தென் கொரியாவின் 10 வொன் நாணயத்திலும் இருக்கிறது, ஆகவே ஒரு நாணயத்தையும் வாங்கி ஆல்பத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அழகாக இருக்கும், செலவும் பெரிதில்லை.

தாபோதாப் படத்தில் சிங்கத்தைத் தேடுங்கள். ஒரு காலத்தில் பீடத்தில் நான்கு கல் சிங்கங்கள் இருந்தன. ஜப்பானிய ஆட்சியில் மூன்று காணாமல் போயின, இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. தபால்தலை ஓவியர் எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தார், சிங்கத்தைச் சேர்த்தாரா விட்டாரா என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். 1983-ல் 10 வொன் நாணயத்தைத் திருத்தி வடிவமைத்தபோது அந்தச் சிங்கமும் உள்ளே வந்தது, அதைப் புத்தர் சிலை என்று நினைத்து யாரோ அரசியல் வதந்தியே கிளப்பிவிட்டார்கள். அந்த அளவுக்குச் சின்னதாகத் தெரியும், நல்ல லென்ஸ் வேண்டும்.

இன்னொன்று சொக்காதாப். மூன்று நிலை, அலங்காரமே கிடையாது, அளவுகளின் பொருத்தம் மட்டும்தான். எனக்குத் தாபோதாப்பைவிட இதுதான் பிடிக்கும், பார்க்கப் பார்க்கத்தான் அதன் நிதானம் பிடிபடும். தபால்தலை சேர்ப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், இதன் தலை மாறியிருக்கிறது. 1966-ல் திருடர்கள் உள்ளே இருக்கும் புதையலுக்காகக் கற்களை நெம்பிப் பார்த்துச் சேதப்படுத்தினார்கள். அதைச் சரிசெய்யப் பிரித்தபோதுதான் இரண்டாம் நிலைக்குள் சரீர தாதுப் பேழையும் (புனித எச்சங்கள் வைத்த பெட்டி), கூடவே மரக்கட்டையில் அச்சடித்த ஒரு தாரணி சூத்திரச் சுருளும் (பௌத்த மந்திர நூல்) கிடைத்தன. சுமார் ஆறரை செ.மீ. அகலம், ஆறு மீட்டருக்கு மேல் நீளம். உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சுப் படைப்புகளில் ஒன்று என்று கொண்டாடப்படுவது அதுதான். அதன்பின் 1973-ல், உடைந்து போயிருந்த முடிப் பகுதிக்குப் பதிலாக, சில்சாங்சா கோயில் பகோடாவின் முடியை மாதிரியாக வைத்துப் புதிதாகச் செய்து பொருத்தினார்கள். ஆக, சொக்காதாப் படம் எதுவானாலும் உச்சியைப் பாருங்கள். உச்சி மொட்டையாக, குட்டையாக இருந்தால் அது 1973-க்கு முந்தைய நிலை. உயரமான, வளையங்கள் கோத்த முடி இருந்தால் பிந்தைய நிலை. 2012-ல் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பில் மறுபடி முழுதாகப் பிரித்து அடுக்கி, 2016-ல் முடித்தார்கள்.

அடுத்தது இக்சான் ஊரில் உள்ள மிருக்சா பகோடா. பெக்ஜே அரசன் மு காலத்தது. மரப் பகோடாவிலிருந்து கல் பகோடாவுக்கு மாறிய அந்தக் கணம் எப்படி இருந்தது என்று காட்டும் கட்டடம் இது, தூண்கள் நடுவில் லேசாகப் பருத்திருப்பதுகூட மரத்தைப் பார்த்துச் செய்ததுதான். ஒன்பது நிலை இருந்திருக்கும் என்று நம்புகிறார்கள், மிஞ்சியது ஆறு, அதுவும் ஒரு பக்கம் சரிந்தது. 1915-ல் ஜப்பானியர்கள் சரிந்த பக்கம் முழுக்கக் கான்கிரீட்டைக் கொட்டி நிறுத்தினார்கள். 2001-ல் பிரிக்கத் தொடங்கியபோது அந்தக் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்ததே பெரும் வேலை, கிட்டத்தட்ட 185 டன். 2009 ஜனவரியில் அடியில் நடுத் தூண் கல்லுக்குள் தங்கத் தகடு ஒன்று கிடைத்தது, அதில் தாது வைத்த ஆண்டு 639 என்றும், செய்வித்தவர் சதேக் குடும்பத்தில் பிறந்த அரசி என்றும் எழுதியிருந்தது. சில்லா இளவரசி சொன்ஹ்வாதான் அந்தக் கோயிலுக்குக் காரணம் என்று நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த காதல் கதை அன்று ஆட்டம் கண்டது. மறுகட்டுமானம் 2019-ல் முடிந்தது. காணாமல் போன மேல் நிலைகளைக் கற்பனையாகச் சேர்க்காமல் ஆறோடு நிறுத்திவிட்டார்கள், அது மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

தபால்தலையில் இதைப் பார்க்கும்போது சரிந்த பக்கம் எந்தப் பக்கம், கான்கிரீட் தெரிகிறதா, ஓவியர் அதை மறைத்துவிட்டாரா என்று கவனியுங்கள். வெள்ளை வெளேரென்று ஒன்பது நிலையும் முழுசாக இருந்தால் அது இதுவே இல்லை, 1990-களில் பக்கத்தில் புதிதாகக் கட்டிய கிழக்குப் பகோடா.

புயோ நகரின் ஜொங்னிம்சா பகோடா ஐந்து நிலை, 8.33 மீட்டர். மிருக்சாவில் தட்டுத் தடுமாறிய பெக்ஜே சிற்பிகள் இங்கே தெளிந்துவிட்டார்கள் என்று சொல்லலாம், கூரை ஓரங்கள் மடித்த தாள் மாதிரி மெல்லியவை. 660-ல் பெக்ஜேயை வீழ்த்திய சீனத் தாங் வம்சத் தளபதி சூ திங்ஃபாங் தன் வெற்றியைப் பற்றி இதன் முதல் நிலையிலேயே பொறித்துவிட்டுப் போனார். தோற்ற நாட்டின் மிக அழகான கல்லின் மேலேயே எழுதியிருக்கிறார், பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். தபால்தலையில் அந்த எழுத்துத் தெரியாது, ஆல்பக் குறிப்பில் நீங்கள் எழுதத்தான் வேண்டும்.

இப்போது அந்தப் பத்து நிலைப் பகோடாக்கள். இரண்டும் பளிங்கு, இரண்டுக்கும் மேலிருந்து கீழ்வரை புத்தர், போதிசத்துவர், கதைக் காட்சிகள் என்று சிற்பம், இரண்டுக்கும் கீழ்ப்பகுதி பல மூலைகள் கொண்டது, மேலே ஏழு நிலை சதுரம். கியோங்சொன்சா பகோடா 1348-ல் கொர்யோ காலத்தில் எழுந்தது, 13.5 மீட்டர். வொன்காக்சா பகோடா 1467-ல் கொர்யோவுக்கு அடுத்து வந்த ஜோசொன் வம்ச அரசர் செஜோ காலத்தில் அதையே மாதிரியாகக் கொண்டு வந்தது, சுமார் 12 மீட்டர். உருவத்தை வைத்துப் பிரிப்பது கடினம், சுற்றுப்புறத்தை வைத்துப் பிரிப்பது சுலபம். வொன்காக்சா பகோடா தென் கொரியத் தலைநகர் சோலின் தாப்கோல் பூங்காவில் நிற்கிறது. நெடுங்காலம் அதன் மேல் மூன்று நிலைகள் தரையில் கிடந்தன, 1946-ல்தான் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் தூக்கி வைத்தார்கள், இன்று மாசிலிருந்தும் மழையிலிருந்தும் காக்கக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. கியோங்சொன்சா பகோடாவோ 1907-ல் ஜப்பானிய அரண்மனை அமைச்சர் தனகா மித்சுஅகியின் ஆட்களால் ஆயுதம் காட்டிப் பிரித்து ஜப்பானுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. எர்னஸ்ட் பெத்தல் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளரும் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கரும் விடாமல் எழுதி உலகத்துக்குத் தெரியப்படுத்தினார்கள். 1918-ல் திரும்பி வந்தது, 1960-ல் கியோங்போக் அரண்மனை வளாகத்தில் எழுப்பினார்கள், 1995-ல் மறுபடி பிரித்து, 2005 முதல் யோங்சான் தேசிய அருங்காட்சியகத்தின் உள்கூடத்தில் நிற்கிறது. ஆக வெட்டவெளியில் நிற்கும் கியோங்சொன்சா படம் என்றால் அது அரண்மனைக் காலத்துப் படம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லைச் செங்கல் அளவுக்கு வெட்டி அடுக்கியது, வாசல்களில் காவல் வீரர் சிற்பம், மூன்று நிலை மட்டும் மிச்சம் என்றால் கியோங்ஜுவின் புன்ஹ்வாங்சா, 634, அரசி சொன்தொக் காலம். இரட்டைப் பகோடா, உச்சியில் நீளமான இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் காமுன்சா, 682. கடலுக்குள் புதைக்கப்பட்டதாகச் சொல்லும் மன்னர் முன்முவுக்காக மகன் சின்முன் முடித்த கோயில் அது. நான்கு சிங்கங்கள் பகோடாவைத் தலையில் சுமந்து, நடுவில் ஓர் உருவம் நின்றால் ஹ்வாஓம்சா. எட்டுக் கோணம், ஒன்பது நிலை, ஓரங்களில் மணிகள் என்றால் ஒதேசான் மலையின் வொல்ஜொங்சா, 15.2 மீட்டர். எட்டுக் கோணம், ஆனால் 13 நிலை என்றால் எல்லை தாண்டி வட கொரியாவின் மியோஹியாங் மலையில் உள்ள போஹியோன் கோயில்.

மூன்றாம் படி: பகோடா இல்லாததை ஒதுக்குங்கள்

அதிகமாகக் குழப்புவது கியோங்ஜுவின் சொம்சொங்தே. பாட்டில் வடிவம், நடுவில் ஒரு சன்னல். அரசி சொன்தொக் காலத்து வானாய்வுக் கோபுரம், பகோடா கிடையாது. 1946-லேயே 50 சொன் (வொன்னின் சில்லறைக் காசு) தபால்தலையில் வந்தது, அதற்குப் பின்னும் பல முறை வந்திருக்கிறது. 2003-ல் இந்தியாவும் தென் கொரியாவும் சேர்ந்து வெளியிட்ட ஜோடியில் ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரோடு இதுவும் இருக்கிறது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு உள்ளூர் வியாபாரிகளிடமே கிடைக்கும், அதனால் ‘பகோடா அல்லாதவை’ என்று ஒரு பக்கம் ஒதுக்கி அங்கே வைத்துவிடுங்கள். துறவிகளின் அஸ்தி வைத்த சிறு நினைவுத் தூபிகள், கோயில் முற்றத்துக் கல் விளக்குகள், பொப்ஜுசா கோயிலின் ஐந்து நிலை மரப் பகோடா, இவையும் விற்பவர்களின் பட்டியலில் கலந்து கிடக்கும். மரப் பகோடாவைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் கல்லோடு நிறுத்திக்கொள்வேன், எல்லை குறுகினால்தான் கண் கூர்மையாகும்.

2019-ல் வந்த இன்னொரு இந்திய–கொரியக் கூட்டு வெளியீடு அரசி ஹோ ஹ்வாங்-ஒக் பற்றியது. 48-ஆம் ஆண்டில் அயுத்த நாட்டிலிருந்து கப்பலில் வந்து அரசர் சுரோவை மணந்தார், வரும்போது கடல் சீற்றத்தைத் தணிக்க ஒரு கல் பகோடாவையும் ஏற்றி வந்தார் என்பது 13-ஆம் நூற்றாண்டுக் கொரிய நூல் சம்குக் யூசா சொல்லும் கதை. அந்தக் கல் என்று சொல்லப்படும் பாசா பகோடா இன்றும் கிம்ஹே நகரில், அரசியின் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அயுத்த நாடு அயோத்தி என்பது பரவலான கருத்து, தென் தமிழகத்து ஆய் நாடு என்று வாதிடும் தமிழர்களும் உண்டு. கதையாகவே வைத்துக்கொண்டாலும், பகோடாவுக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவைக் கொரியர்கள் எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதற்காக இந்தத் தபால்தலை என் பார்வையில் கட்டாயம் வேண்டும்.

நான்காம் படி: யாருடைய தபால்தலை, எந்தக் காலம்?

தெற்கின் தபால்தலையில் தேஹான்மின்குக் என்று நான்கு கொரிய எழுத்து இருக்கும், ரோமன் எழுத்தில் பழையவற்றில் ரிபப்ளிக் ஆஃப் கொரியா, புதியவற்றில் வெறும் கொரியா. வடக்கில் சோசொன் என்று இரண்டு எழுத்து, கூடவே டிபிஆர் கொரியா. ஒரு எச்சரிக்கை: 1948-க்கு முன் அமெரிக்க ராணுவ நிர்வாகத்தில் தெற்கில் வந்தவற்றிலும் சோசொன் என்றே இருக்கும், அதைப் பார்த்து வடக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1997-லிருந்து வடக்கின் வெளியீடுகளில் சாதாரண ஆண்டோடு ஜூச்சே ஆண்டும் போடுவார்கள், 1912-ஐ ஒன்றாக வைத்து எண்ணுவது அது.

தெற்கில் ஆண்டு தெரியாதபோது பணத்தைப் பாருங்கள். 1953 பிப்ரவரியில் பழைய வொன் போய் ஹ்வான் வந்தது, 1962 ஜூனில் ஹ்வான் போய் மறுபடி வொன். ஆகவே ஹ்வான் என்று இருந்தால் ஒன்பது வருட இடைவெளிக்குள் சிக்கிவிட்டது. 1950-களின் தாள்களில் நீர்க்குறியும் உதவும், அலை அலையான கோடுகள் ஒரு வகை, தபால் துறைச் சின்னம் இன்னொரு வகை. கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்து, லைட்டர் பென்சீன் போல இதற்கென்று விற்கும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டால் தெரியும். சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அடுப்புப் பக்கம் போகவே கூடாது. போர்க்காலத்தில் பசையே தடவாமல் வந்தவையும் உண்டு, எனவே பின்னால் பசை இல்லை என்பதாலேயே கெட்டுப்போனது என்று ஒதுக்க வேண்டாம்.

பகோடாக்களுக்காகவே ஒரு தொடர் வேண்டும் என்றால் தென் கொரியா 1970-களின் பிற்பகுதியில் வெளியிட்ட கல் பகோடாத் தொடரிலிருந்து தொடங்குங்கள். அதிலுள்ள ஒவ்வொன்றையும் மேலே சொன்ன அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்ல பயிற்சி. அக்காலத் தென் கொரியத் தபால்தலைகள் பெரிய எண்ணிக்கையில் அச்சானவை, விலை பயமுறுத்தாது.

ஐந்தாம் படி: தேடுவது

பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2000-ல் கொரிய அரசு ரோமன் எழுத்து முறையை மாற்றியது. அதற்கு முன் கே எழுத்தில் தொடங்கிய கியோங்ஜு, இப்போது ஜி எழுத்தில் தொடங்குகிறது. புல்குக்சா, தாபோதாப், புன்ஹ்வாங்சா எல்லாவற்றுக்கும் இதே கதை. பழைய ஸ்காட், கிப்பன்ஸ், மிச்செல் தபால்தலைப் பட்டியல்கள் பழைய எழுத்தில் இருக்கும், இணைய விற்பனைத் தளங்களில் இரண்டும் கலந்து கிடக்கும். ஒவ்வொரு பகோடாவுக்கும் இரண்டு எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டையும் போட்டுத் தேடுங்கள், கூடவே கொரிய எழுத்தில் ஒட்டித் தேடினால் கொரிய விற்பனையாளர்களின் சரக்கும் கண்ணில் படும். சேகரிப்பாளர்களுக்கான கோல்னெக்ட் இணையதளத்தில் படத்தோடு பார்க்கலாம்.

கொரிய அரசு மரபுச் சின்னங்களுக்குக் கொடுத்த தேசியப் பொக்கிஷ எண்ணும் நல்ல துணை: வொன்காக்சா 2, ஜொங்னிம்சா 9, மிருக்சா 11, தாபோதாப் 20, சொக்காதாப் 21, புன்ஹ்வாங்சா 30, ஹ்வாஓம்சா 35, வொல்ஜொங்சா 48, கியோங்சொன்சா 86, காமுன்சா 112. 2021 நவம்பரில் அரசு இந்த எண்களை நடைமுறையிலிருந்து எடுத்துவிட்டது, ஏனென்றால் மக்கள் அதைத் தரவரிசை என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் பழைய வெளியீட்டுக் குறிப்புகளிலும் விற்பவர்களின் விவரத்திலும் எண் அப்படியே இருக்கிறது, நமக்கு அது வசதி.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். தென் கொரியாவில் நம் ஊர் மை ஸ்டாம்ப் போலத் தனிநபர் தபால்தலைகள் உண்டு, பகோடா படம் அதில் பக்கத்து ஒட்டுத்தாளில்தான் இருக்கும், தபால்தலையில் இருக்காது. அது அதிகாரப்பூர்வ பகோடா வெளியீடு அல்ல. வடக்கின் தபால்தலைகளில் பல, அஞ்சலில் போகாமலே முத்திரை குத்தி விற்கப்பட்டவை. மூலையில் அச்சடித்தாற்போல ஒழுங்கான கால்வட்ட முத்திரையும் பின்னால் முழுப் பசையும் இருந்தால் அந்த வகைதான். பார்வைக்கு நன்றாக இருக்கும், உண்மையில் பயன்பட்டதாகக் காட்ட முடியாது. வட கொரியப் பொருள்களுக்குப் பல நாடுகளில் தடைகள் இருப்பதால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: கையாளுவது

உறையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தால் முதலில் அந்த முத்திரையைப் படியுங்கள். கொரிய அஞ்சல் நிலையங்கள் பலவற்றில் அந்தந்த ஊர்ச் சின்னத்தோடு சுற்றுலா முத்திரை இருக்கிறது. அப்படி ஒன்று விழுந்த உறையை வெட்டித் தண்ணீரில் போடுவது பெரிய இழப்பு, முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண முத்திரைதான் என்றால் ஓரம் விட்டு வெட்டி, சாதா தண்ணீரில் மிதக்க விட்டு, தானாகக் கழன்றபின் வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் காயவைத்து, கனமான புத்தகத்துக்கடியில் வையுங்கள். வண்ண உறைத் துண்டைத் தனியாக ஊறவையுங்கள், சாயம் ஏறும். சமீபத்திய ஸ்டிக்கர் வகைகளை ஊறவைக்காமல் காகிதத்தோடு வெட்டி வைப்பதே மேல்.

நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதம் பசைக்கு எதிரி. முத்திரை விழாத புதிய தபால்தலைகளை ஸ்டாக் புக்கில் நிற்க வைத்து அடுக்குங்கள், படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றாதீர்கள். சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மழைக்காலத்தில் மாற்றுங்கள். விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள்.

ஏழாம் படி: பக்கம் போடுவது

நாடு, ஆண்டு என்று அடுக்காமல் ஒரு பகோடாவுக்கு ஒரு பக்கம் என்று போடுங்கள். மிருக்சா பக்கம் என்றால் மேலே சின்னதாக ஒரு காலக்கோடு: 639, 1915, 2001, 2009, 2019. கீழே தபால்தலைகளை அவை வெளிவந்த ஆண்டுக்கு நேராக வையுங்கள். பக்கத்தில் இரண்டே வரி, அந்த ஆண்டில் கல் எந்த நிலையில் இருந்தது, படத்தில் எது தெரிகிறது, ஓவியர் எதை மாற்றினார். சொக்காதாப் பக்கத்தில் 1973-ல் ஒரு கோடு கிழித்து, முடி மாறுவதற்கு முன், பின் என்று பிரியுங்கள். பொருந்தாத ஒன்று கட்டாயம் வரும். முடி வைத்தபின் வந்த தபால்தலையில் மொட்டை உச்சி இருந்தால் ஓவியர் பழைய புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும். அதையும் குறித்து வையுங்கள், மற்றவர்கள் பட்டியலில் இல்லாத உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு அதுதான்.

கொஞ்சம் கை தேறியபின் மாக்சிம் கார்டு முயன்று பாருங்கள். பகோடாவின் அஞ்சலட்டையில், படம் உள்ள பக்கத்திலேயே அதே பகோடாவின் தபால்தலையை ஒட்டி, பொருத்தமான ஊரின் முத்திரையைக் குத்த வேண்டும். அட்டை தபால்தலைக்கு முன்பே அச்சானதாக இருந்தால் நல்லது, படம் தபால்தலையின் நகலாக இருக்கக் கூடாது. கியோங்ஜு போகிற நண்பர் யாராவது இருந்தால் அட்டையையும் தபால்தலையையும் கையில் கொடுத்தனுப்பி, ஊர் அஞ்சல் நிலையத்தில் சுற்றுலா முத்திரை கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். மை காய்கிறவரை அட்டையை உறைக்குள் போட வேண்டாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.